இரண்டு தசம் ஆறு

வார்ட்டின் கம்பிக் கதவைக் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். நான் உள்ளே போகும்போது டொக்டர் மதிவதனா அநேகமாகப் பன்னிரண்டாம் கட்டிலில் நிற்பார். ஊசித் தட்டைக் கட்டிலின் விளிம்பில் வைத்துவிட்டு, நோயாளியின் கையை விளக்குப் பக்கம் திருப்பி நரம்பு தேடிக்கொண்டிருப்பார். முதலாம் கட்டிலில் ஐந்து மணிக்குத் தொடங்கியிருப்பார். பதினான்காம் கட்டிலில் என்னுடைய வாப்பா.

"தங்கச்சி வந்தாச்சோ," என்பார் திரும்பிப் பார்க்காமலே. "அந்தக் கையைக் கொஞ்சம் பிடியுங்கோ."

பிடிக்கத் தேவையில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்து வாப்பா நினைவில்லாமல் கிடந்தார். அந்தக் கை வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனாலும் டொக்டர் என்னைப் பிடிக்கச் சொல்வார். பிறகு வாப்பாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து, "ஹிஸ்புல்லா ஐயா, சின்ன ஊசி ஒண்டு, சரியா," என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார்.

அடுத்த கட்டிலில் வெருகல் பக்கத்து வீரக்குட்டி. கால்கள் இரண்டும் வீங்கி, தலையணையில் சாய்ந்தபடிதான் அவரால் மூச்சு விட முடியும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"டொக்டர், நீங்க காலமையில எடுக்கிற ரத்தத்தின்ர அளவுக்கு எனக்கு இவங்கள் சோறு தாறாங்கள் இல்லை."

"சோத்தைக் குறைக்கச் சொன்னதே நான்தான், வீரக்குட்டி ஐயா."

"அதுதானே பார்த்தன். அங்கால குறைக்கிறதும் நீங்க, இங்கால எடுக்கிறதும் நீங்க. நான் என்ன, ஆஸ்பத்திரிக்கு நேர்ந்துவிட்ட கிடாயோ?"

டொக்டர் சிரிப்பார். சிரிக்கும்போதும் கை நிற்காது. குழாய்களில் பெயர் எழுதுவார், பஞ்சை எடுத்துப் போடுவார், அடுத்த கட்டிலுக்கு நகர்வார். தலைமயிரைச் சீவாமல் ஒரு கிளிப்பால் தூக்கிக் குத்தியிருப்பார். இடது காலில் செருப்பின் வார் அறுந்து, ஊசி போட்ட பின் ஒட்டுகிற வெள்ளைப் பட்டியால் கட்டப்பட்டிருந்தது. வார்ட்டில் இருந்த எட்டு நாட்களும் அந்தச் செருப்பைத்தான் பார்த்தேன்.

படிப்பு முடித்து வந்து ஒரு வருடம் வார்ட்டிலேயே கிடந்து வேலை செய்யும் டொக்டர்மாரை இன்டேர்ன் என்பார்கள். எட்டு மணிக்குப் பெரிய டொக்டர் வருவார். அதற்குள் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பேடான டிக்கட்டிலும் இரவு நடந்ததை எழுதி முடிக்க வேண்டும். அவர் போன பிறகு, அவர் சொன்னவற்றையெல்லாம் செய்ய வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்குப் படியிறங்கி ஓட வேண்டும். றிப்போட் வராவிட்டால் மறுபடி ஓட வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்களின் டிக்கட் வெட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். தாதி ராசமலர் மிஸ்ஸி காலையில் ஊற்றிவைக்கும் தேத்தண்ணி, சிறு தட்டால் மூடியபடி பதினொரு மணிவரைக்கும் மேசையில் இருக்கும். பிறகு எறும்பு மொய்க்கும். பிறகு யாராவது அதை எடுத்து ஊற்றுவார்கள்.

அந்த வருடம் முடிய டொக்டர் மதிவதனாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

"முடிஞ்ச உடன என்ன செய்யப் போறீங்கள்?" என்று ஒருநாள் மிஸ்ஸி கேட்டார்.

"கிளிவெட்டிக்குப் போய் அம்மான்ர கட்டில்ல ஒரு கிழமை நித்திரை கொள்ளப் போறன். சாப்பாட்டுக்கும் எழுப்பக்கூடாது எண்டு சொல்லிவைச்சிருக்கிறன்."

அதைக் கேட்டுக்கொண்டு நான் வாப்பாவின் கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

வாப்பாவுக்குப் போன வருடம் கொழும்பில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை. அது குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டிபடும், கூடினால் எங்கேயாவது கசியும். ஆகையால் மாதம் ஒரு தடவை இரத்தம் பார்த்து, வருகிற எண்ணைக் கொண்டு குளிசையைக் கூட்டிக் குறைப்பார்கள். எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். மாதக்கணக்காக அது நிற்கவில்லை. ஜனவரியில் வெள்ளம் வந்து ரோட்டை மூடியதால் திருகோணமலைக்கு வர முடியாமல் மூதூரிலேயே ஒரு தனியார் இடத்தில் இரத்தம் கொடுத்தோம். அந்த முறைதான் முதன்முதலாகச் சரியாக வந்தது. இரண்டு தசம் ஆறு.

வாப்பா அதைப் பெருநாள் போலக் கொண்டாடினார். பிறகு யார் சுகம் கேட்டாலும் அதுதான் பதில். கடற்கரையில் கூட்டாளி முனாப் மாமா, "என்ன ஹிஸ்புல்லா, எப்படி?" என்றால், "ரெண்டு தசம் ஆறு," என்பார். பள்ளிவாசலில் கேட்டாலும் அப்படித்தான். கறிக்கு உப்புச் சரியா என்று உம்மா கேட்டாலும் அப்படித்தான்.

வைகாசிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கடல் அலையடங்கிப் படிந்துவிடும். படிந்த கடலை விட்டுவிட்டுக் கிளினிக் வாங்கில் ஒரு பகல் முழுதும் குந்தியிருக்க வாப்பாவால் முடியாது. யூன் மாதம் கிளினிக் கொப்பியோடு என்னை மட்டும் அனுப்பினார். அங்கே அது புதினமில்லை. கடலுக்குப் போனவரின் கொப்பியை மனைவியும், வயலுக்குப் போனவரின் கொப்பியை மகளும் கொண்டுவருவார்கள். "முன்னையது மாதிரியே" என்று எழுதிக் குளிசை கொடுத்துவிடுவார்கள். ஆனால் இந்தக் குளிசைக்கு அது சரிவராது.

அன்று கிளினிக் மேசையில் இருந்தது டொக்டர் மதிவதனா. கொப்பியைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆள் எங்க?"

"கடலுக்குப் போன."

"அப்ப நான் என்னத்தைப் பார்த்து எழுதுறது? நெஞ்சு வருத்தம் கொப்பிக்கோ?" என்றார். பிறகு ஊரைக் கேட்டார். மூதூர் என்றதும் குரல் இறங்கியது. "எங்கட பக்கம்தான். பஸ் கரைச்சல் எனக்கும் தெரியும். ரெண்டு கிழமைக்குத்தான் தருவன். அடுத்தமுறை ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

இரண்டு கிழமையில் வாப்பா வந்தார். எண் சரியாக இருந்தது. "பார்த்தியா, சும்மா ஒரு நாள் போச்சு," என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொன்னார்.

யூலை மாதம் மறுபடி என் கையில் கொப்பியைத் தந்தார். "ரத்தம் பார்த்ததா எண்டு கேட்டா, மூதூரில பார்த்த, ரெண்டு தசம் ஆறு எண்டு சொல்லு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க." குசினிக்குள் உம்மா சிரித்த சத்தம் கேட்டது.

நான் போனேன். என் முறை வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மேசையில் டொக்டர் மதிவதனாவுக்கு முன்னால் இன்னும் ஒரு கட்டுக் கொப்பி இருந்தது.

"ரத்தம் பார்த்ததோ?"

"ஓம். மூதூரில."

"எவ்வளவு?"

"ரெண்டு தசம் ஆறு."

"றிப்போட்?"

"வீட்ட மறந்துட்டன்."

டொக்டர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு எண்ணை எழுதினார், அதற்குக் கீழே ஒரு மாதத்துக்குக் குளிசை எழுதினார். அடுத்த கொப்பியை எடுத்தார்.

அந்த நாட்களில் வாப்பாவின் முழங்கைக்கு மேலே நீலம் பாரித்த தடங்கள் இருந்தன. வலைக்கயிறு பட்டது என்றார். கைவலிக்கு என்று கடையில் ஒரு குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டும் இருந்தார்; அது கசிவைக் கூட்டும் என்று பிறகுதான் அறிந்தேன். இரண்டையும் நான் கண்டேன். இரண்டையும் டொக்டரிடம் சொல்லவில்லை. நானும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்தான் நின்றேன்.

ஓகஸ்ட் முதலாம் கிழமை, விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு எழும்பும்போது தலை இடிக்கிறது என்று பாயிலேயே இருந்தார். பிறகு எழும்பவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று பார்த்தபோது எண் ஒன்பதுக்கு மேல் இருந்தது. டொக்டர் மதிவதனா என் கையிலிருந்த கொப்பியை வாங்கினார். யூலைப் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த றிப்போட் எங்க, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வீட்ட இருக்கு," என்றேன்.

மூன்றாம் நாள் பெரிய டொக்டர் குணரத்தினமும் அதைத்தான் கேட்டார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். கொப்பியை விரித்துப் பிடித்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "வெளியில பார்த்த றிப்போட், சேர்," என்றார் டொக்டர் மதிவதனா. "அப்ப அதை டிக்கட்டில ஒட்டுங்கோ. வியாழக்கிழமை றவுண்டுக்கு முதல்," என்றுவிட்டு அவர் நகர்ந்தார்.

மத்தியானம் ராசமலர் மிஸ்ஸி வாப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வந்தார். "மகள், அந்தத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வாங்கோ. அது இருந்தால் அந்தப் பிள்ளை தப்பும். இல்லாட்டி, பார்க்காமல் எழுதினது எண்டு வரும். பெரியவர் கையெழுத்து வைக்க மாட்டார். இந்த வருசத்தை நீட்டிப்போடுவார்."

"நீட்டினா?"

"நீட்டினா இன்னும் இப்பிடியே கிடக்க வேணும். பேரிலயும் ஒரு கறை."

நான் டவுனில் ஜமாலியாவில் உம்மாவின் தங்கை சாச்சியின் வீட்டில் தங்கியிருந்தேன். உம்மா மூதூரிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் ஊருக்குப் போனேன். அலுமாரிக்குள், வாப்பாவின் அடையாள அட்டைப் பிரதிகளோடு அந்த ஜனவரித் துண்டு இருந்தது. பேனையால் எழுதிய துண்டு. பெயர் சரி, எண் சரி. திகதி மட்டும் பதினான்கு, கோடு, ஒன்று.

ஒன்றை ஏழாக்குவதற்கு அதன் தலையில் ஒரு சின்னக் கோடு போதும். நான் மூன்று பேனைகளைப் பழைய தாளில் எழுதிப் பார்த்து, நிறம் பொருந்துகிற பேனையால் போட்டேன். பாவம் செய்கிறேன் என்று நினைக்கவில்லை; டொக்டருக்கு ஒரு உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன். நானும் தப்புவேன் என்பது அதற்குள்ளே ஒளிந்திருந்தது.

புதன்கிழமை இரண்டரை மணிக்குத்தான் டொக்டர் மேசையில் தனியே இருந்தார். சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டபடி மற்றக் கையால் டிக்கட் எழுதிக்கொண்டிருந்தார். நான் துண்டை நீட்டினேன்.

கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நெடுநேரம் பார்க்கவில்லை. வாப்பாவின் கொப்பியை எடுத்து, பின்னோக்கிப் புரட்டி, ஜனவரிப் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். வெள்ளம் வடிந்த பிறகு வாப்பா கொண்டுபோய்க் காட்டியதை வேறொரு டொக்டர் அதில் எழுதியிருந்தார். பதினான்காம் திகதி. இரண்டு தசம் ஆறு.

நான் மேசையைப் பார்த்தேன்.

"யூலையிலயும் இப்பிடித்தான் மேசையைப் பார்த்தனீங்கள்," என்றார். குரலில் கோபம் இல்லை. "அண்டைக்கே எனக்குத் தெரியும், தங்கச்சி."

"தெரியுமா?"

"இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தா நீங்கள் அழுதுபோட்டு உண்மையைச் சொல்லியிருப்பீங்கள். கேட்டால் பிறகு உங்களைப் பேச வேணும், ரத்தம் எடுக்க வேற திகதி போட வேணும், ஆளை வரச்சொல்லிக் கடிதம் எழுத வேணும். பதினேழு கொப்பி மிச்சம் இருந்தது. வார்ட்டில ரெண்டு பேர் மோசம் எண்டு போன் அடிச்சுக்கொண்டே இருந்தவை. முதல் நாள் காலமையில இருந்து நான் படுக்கேல்லை." சோற்றைப் பார்த்தபடி சொன்னார். "கேட்கிறதுக்கு எனக்குப் பலம் இருக்கேல்லை. எழுதிப்போட்டு அடுத்த கொப்பியை எடுத்தனான்."

துண்டை நான்காக மடித்து என் கைக்குள் வைத்தார். "இதைக் கிழிச்சுப் போடுங்கோ. ஒருத்தரும் காண வேண்டாம்."

"அப்ப நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"பார்க்காமல் எழுதினனான் எண்டு."

"நான் பொய் சொன்னதை?"

"அது உங்கட கதை. நான் சொல்ல மாட்டன்."

நாலாம் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பார்சலை மடித்து வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து அதைச் சாப்பிட்டதை நான் காணவில்லை.

வியாழக்கிழமை உம்மா முதல் பஸ்ஸில் வந்திருந்தார். றவுண்ட் பதினான்காம் கட்டிலுக்கு வந்தபோது நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். பெரிய டொக்டர் வாப்பாவின் கண்ணிமைகளைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு டிக்கட்டைப் புரட்டினார்.

"றிப்போட்?"

"இல்லை, சேர். நான் பார்க்காமல் எழுதினனான்."

"ஆள் சொன்னதைக் கேட்டோ?"

டொக்டர் மதிவதனா நிலத்தைப் பார்க்கவில்லை. பெரிய டொக்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி நின்றார். பெரிய டொக்டர் என்னிடம் திரும்பினார். "மகள், யூலையில வாப்பாவுக்கு ரத்தம் எடுத்ததா, இல்லையா?"

எடுத்தது என்றால் துண்டு எங்கே என்பார். தெரியாது என்றால் போய்விடுவார். தெரியாது என்பதுதான் என் நாவின் நுனியில் இருந்தது. என்னை யாரும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்கள். வாப்பாவின் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. முந்தின நாள் நான் தடவிய எண்ணெய் அவற்றில் இன்னும் பளபளத்தது.

"எடுக்கல்ல," என்றேன். "நான்தான் பொய் சொன்ன. டொக்டர் றிப்போட் கேட்ட. மறந்துட்டன் எண்டு சொன்ன."

வாப்பா சொல்லித்தந்த பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச முடியாமல் கிடக்கிறவர் மேல் அதை எப்படிப் போடுவது?

அப்போது எனக்குப் பின்னால் உம்மா பேசினார். "புள்ளைக்கு ஏசாதீங்க டொக்டர். இவர்தான் சொல்லிக் குடுத்த. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்ட." முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அதற்குள்ளே சொன்னார்: "கேட்டுச் சிரிச்ச."

பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார். "சரி," என்றார். எங்களைத் திட்டவில்லை. ஆனால் டொக்டர் மதிவதனாவிடம் திரும்பி, "அவங்கள் எதையும் சொல்லலாம். எழுதிறது நீங்கள்," என்றார். "ஓம், சேர்," என்றார் டொக்டர். பிறகு அவர்கள் பதினைந்தாம் கட்டிலுக்குப் போனார்கள். வீரக்குட்டி அன்று ஒரு பகிடியும் விடவில்லை.

நான் உண்மையைச் சொன்னால் டொக்டர் தப்புவார் என்றுதான் நினைத்திருந்தேன். பின்னேரம் மிஸ்ஸி வந்து சொன்னார், இரண்டு மாதம் நீட்டியாயிற்று என்று.

சனிக்கிழமை காலை பத்து மணிபோல வாப்பாவின் மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் திரையை இழுத்துவிட்டு உம்மாவை உள்ளே விட்டார். உம்மா காதுக்குள் கலிமா சொன்னார். பிறகு டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ஒரு நிமிடம் முழுதும் கேட்டார். அவ்வளவு நேரம் அவர் ஓரிடத்தில் அசையாமல் நின்றதை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து.

அதற்குப் பிறகு எங்களைவிட அவர்தான் அவசரப்பட்டார். பின்னேர அசர் தொழுகைக்கு முன்னர் வாப்பாவின் ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. படிவங்களை நிரப்பி, பெரிய டொக்டரின் அறைக்கும் அலுவலகத்துக்கும் தானே கொண்டு ஓடிக் கையெழுத்து வாங்கினார். படிகளில் அந்தச் செருப்புச் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு முன்னரே வாப்பாவை ஏற்றிய வான் புறப்படத் தயாராகிவிட்டது. வார்ட் வாசலில் அவர் உம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம்மா முக்காட்டை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு அவரைக் கடந்து போனார்.

புருசனை இழந்தவர் இருக்கும் இத்தாவில் உம்மா அமர்ந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டுவதில்லை. உம்மாவுக்கும் பல வருடமாகப் பிரஷர் இருந்தது. வாப்பாவோடு ஒரே பஸ்ஸில் போய் ஒரே நாளில் அவரும் காட்டிவிட்டு வருவார். செப்டெம்பரில் குளிசை முடிந்தது. மருந்துக்கு வெளியே போகலாம் என்று மௌலவி சொல்லியனுப்பினார். உம்மா கேட்கவில்லை.

"நீ கொப்பியைக் கொண்டு போ," என்றார்.

மறுபடி அதே வரிசை. வார்ட்டில் இருந்த மற்ற இன்டேர்ன் டொக்டர்மார் முடித்துப் போய்விட்டார்கள். மேசையில் புதிய இரண்டு பேரோடு டொக்டர் மதிவதனா இருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பேனை நின்றது.

நான் மேசையைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "உம்மா வரல்ல, டொக்டர். இத்தாவில இருக்கிறா. பிரஷர் ஒருத்தரும் பார்க்கல்ல. குளிசை முடிஞ்சு நாலு நாள்."

டொக்டர் கொப்பியை மூடினார். "ஏலாது, தங்கச்சி."

எனக்குப் பின்னால் நின்ற கிண்ணியாப் பெண் ஒருவர், "எழுதிக் குடுங்களன் டொக்டர். இத்தாவில இருக்கிற மனிசி எப்படி வாற?" என்றார்.

"ஏலாது," என்றார் மறுபடி, அவரையும் பார்த்து.

"கல்லு நெஞ்சு," என்று அந்தப் பெண் எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

நான் கொப்பிக்குக் கை நீட்டினேன். டொக்டர் அதை விடவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவு," என்றார். "வீட்டை போறன். உங்கட ஊரைத் தாண்டித்தானே போறது. வந்து பார்த்து எழுதுறன்."

இரண்டு கிழமைக்கு ஒருதரம் கிடைக்கும் அரை நாள் அது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஓம்," என்றுதான் சொன்னேன்.

ஞாயிறு இரண்டரை மணிக்கு வந்தார். துணிப் பைக்குள் பிரஷர் பார்க்கும் கருவி. காலில் புதுச் செருப்பு. உம்மா உள்ளறையில் வெள்ளை உடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தார். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு, உம்மாவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார்.

"எவ்வளவு?" என்றார் உம்மா.

"நூற்றித் தொண்ணூறு. கூடிப்போச்சு."

உம்மா சுவரையே பார்த்தபடி, "உங்களுக்கு ரெண்டு மாசம் கூட்டின எண்டு புள்ள சொன்ன. எங்களால," என்றார்.

"என்னாலயும்தான்," என்றார் டொக்டர்.

டொக்டர் கொப்பியைத் திறந்து எண்ணை எழுதினார். கொண்டுவந்த குளிசையில் ஒன்றைக் கொடுத்தார். "கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிசம் பேசாமல் இருங்கோ. திரும்ப ஒருக்கால் பார்ப்பம்."

உம்மா கண்ணை மூடினார். கதிரையில் இருந்த டொக்டரும் மூடினார். நான் தேத்தண்ணியோடு வந்தபோது அவருடைய தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கொப்பி மடியில் கிடந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. உம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மூன்றரை மணிக்குக் கிளிவெட்டிப் பஸ் வாசலுக்கு முன்னால் போனது. போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் பைக்குள் போன் அடித்தது. டொக்டர் அசையவில்லை. வார்ட்டில் ஒரு சத்தத்துக்கே எழும்புகிறவர். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா என்று இருந்தது.

"வதனா, எங்க நிக்கிறாய்? எல்லாம் ஆறிப்போச்சு."

"டொக்டர் நித்திரை," என்றேன்.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

"ஹிஸ்புல்லாட மகள். மூதூரில இருந்து."

அந்தப் பெயரை அவர் அறிந்திருந்தார். எங்கேயோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது.

"எழுப்பட்டா?" என்றேன்.

"எப்ப தொடக்கம் நித்திரை?"

"மூணு மணி இருக்கும்."

"ஆறு மணிக்கு அவள் திரும்ப வார்ட்டில நிக்கவேணும்," என்றார் அந்த அம்மா. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். "இனி இங்க வந்து திரும்ப நேரம் காணாது. விடுங்கோ பிள்ளை. நாலே முக்காலுக்கு எழுப்பித் திருகோணமலைப் பஸ்ஸில ஏத்திவிடுங்கோ. நான் எடுத்தனான் எண்டு சொல்ல வேண்டாம்."

நான் உள்ளே வந்தேன். வெயில் இறங்கி யன்னலால் டொக்டரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. உம்மா எழுந்து, சத்தம் வராமல் யன்னலின் ஒரு கதவைச் சாத்தினார். பிறகு அதே இடத்தில் வந்து இருந்தார். கையில் பட்டி இன்னும் சுற்றியபடியே இருந்தது. அதைக் கழற்றினால் ஒட்டுப் பிரிகிற சத்தம் வரும் என்று அவர் கழற்றவில்லை.

நாலே முக்காலுக்கு நான் டொக்டரின் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு நிமிர்ந்து, மடியிலிருந்த கொப்பியைப் பிடித்தார்.

"பத்து நிமிசம் ஆச்சோ?"

"ரெண்டு மணித்தியாலம் ஆகப்போகுது, டொக்டர்."

யன்னலைப் பார்த்தார், வெளியே மஞ்சளாகிவிட்ட வெயிலைப் பார்த்தார். போனை எடுத்து அதையும் பார்த்தார். முகத்தை இரண்டு கைகளாலும் அழுத்தித் துடைத்துவிட்டு, கதிரையை உம்மாவுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் காற்றடிக்கத் தொடங்கினார்.